கரண்ட் திரும்பியதும் வைஃபை பிடிக்குமா? செட்டிநாட்டு வீடுகளுக்கு இஎஸ்பி32 போர்டு: ஒரு விமர்சனம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் அதிகம். தண்ணீர் மோட்டார், வளவு (நடு முற்றம்) விளக்கு, தோட்டத்துக் கேட் எல்லாவற்றையும் போனிலேயே இயக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, செய்து கொடுப்பவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே போர்டுதான்: 30 பின் இஎஸ்பி32 டெவ்கிட், அதாவது வைஃபையோடு வரும், புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னப் போர்டு. கரண்ட் போய்த் திரும்பிய முதல் மூன்று நிமிடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இங்கே விஷயம். மற்ற நேரங்களில் அதன் வைஃபையைக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம், தாராளமாக. ஆனால் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே சுவரில் மாட்டக் கூடாது. கொஞ்சம் சில்லறைச் சாமானும் புரோகிராமில் நாலைந்து மாற்றமும் சேர்ந்தால்தான் ஆள் இல்லாத வீட்டில் அது தாக்குப்பிடிக்கும். "வைஃபை பிடிக்கவில்லை" என்று வரும் புகார்களில் முக்கால்வாசி வைஃபை கோளாறே இல்லை. ஒன்று, போர்டு முழுசாக எழவில்லை. இல்லாவிட்டால் போர்டு எழுந்துவிட்டது, ரவுட்டர் இன்னும் எழவில்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

சிப் எஸ்பிரெசிஃப் என்ற ஷாங்காய் நிறுவனத்தினுடையது, 2016-ல் வந்தது. தகர மூடி போட்ட வ்ரூம்-32 மாட்யூலுக்குள் அது இருக்கிறது. அந்த மாட்யூலைச் சுமக்கும் கறுப்பு போர்டை மட்டும் யார் யாரோ செய்கிறார்கள். தரம் கூடுவதும் குறைவதும் இந்த வெளிப் போர்டில்தான். யூஎஸ்பி சிப் சிபி2102 ஆக இருந்தாலும் சிஎச்340 ஆக இருந்தாலும் கவலை வேண்டாம், இரண்டும் நன்றாக ஓடும். பார்க்க வேண்டியது வேறு இரண்டு: இஎன் என்று எழுதிய (ரீசெட்) பட்டன் பக்கத்தில் கெபாசிட்டர் இருக்கிறதா, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் மூன்று கால் ரெகுலேட்டரின் மேல் 1117 என்று இருக்கிறதா. இரண்டாவதைத் தவிர்ப்பது கஷ்டம், விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 தான். அது என்ன செய்யும் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

டைப்-சி சாக்கெட் வைத்த போர்டுகளில் ஒரு சிக்கல். இரு முனையும் டைப்-சி ஆன ஒயரைப் புது வகை சார்ஜரில் செருகினால் சில போர்டுகளில் லைட்டே எரியாது. சாக்கெட்டின் சிசி கால்களில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் சார்ஜர் எதிரே ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது. ஒரு முனை பழைய ஏ டைப்பாக உள்ள ஒயரைப் போட்டால் தீர்ந்தது.

பட்டனை அழுத்தினால்தான் வேலை செய்கிறது

இதுதான் அதிகம் கேட்கும் புகார். கரண்ட் வருகிறது, சிவப்பு லைட் எரிகிறது, போர்டு மட்டும் நெட்வொர்க்கில் இல்லை. போய் இஎன் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த சில நொடிகளில் வந்துவிடும். ஊரிலிருந்து ஆச்சி போன் பண்ணி "தண்ணி வரலைப்பா" என்று சொல்லும்போது, பட்டனைத் தட்ட யாரை அனுப்புவது?

காரணம் எளிது. 3.3 வோல்ட் நிலையாக நின்ற பிறகுதான் இஎன் கால் மேலே ஏற வேண்டும். அந்தத் தாமதத்துக்காக 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடச் சொல்கிறது சிப்பின் டேட்டாஷீட். இரண்டும் சேர்ந்தால் சுமார் 10 மில்லி செகண்ட் கிடைக்கும். நகல் போர்டுகள் சிலவற்றில் 0.1 மைக்ரோஃபாரட்தான் இருக்கிறது, அப்போது தாமதம் 1 மில்லி செகண்டாகச் சுருங்கிவிடும். சிலவற்றில் அதுவும் கிடையாது. லேப்டாப்பின் யூஎஸ்பி சட்டென்று 5 வோல்ட் கொடுத்துவிடுவதால் அங்கே பிழைத்துக்கொள்ளும். மெதுவாக ஏறும் மலிவான அடாப்டரில் சிப் பாதித் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

105 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று வாங்கி, இஎன் காலுக்கும் ஜிஎன்டி (கிரவுண்ட்) காலுக்கும் நடுவில் பற்ற வையுங்கள். 105 என்றால் 1 மைக்ரோஃபாரட். 104 என்று கொடுத்தால் வேண்டாம், அது பத்தில் ஒரு பங்குதான். 30 பின் போர்டில் இஎன் ஒரு வரிசையின் ஒரு கோடியில் இருக்கும். அதே வரிசையின் மறுகோடியில் விஐஎன் (கரண்ட் உள்ளே போகும் கால்), அதற்கு அடுத்தது ஜிஎன்டி. அடிப்பக்கம் சின்ன ஒயர் ஓட்டினால் முடிந்தது. இன்னும் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 10 மைக்ரோஃபாரட் போடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் கரண்ட் கண் சிமிட்டும் நேரத்தில் போய் வரும்போது அந்தக் கெபாசிட்டர் காலியாகாமலே இருந்து, ரீசெட்டே நடக்காது.

கண் சிமிட்டும் கரண்டுக்கு 1 மைக்ரோஃபாரட்டும் முழு மருந்து இல்லை. அடாப்டருக்குள் இருக்கும் சார்ஜால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்காமல் 2 வோல்ட் பக்கம் தொங்கிவிட்டு மறுபடி ஏறும். அந்த அரைகுறை வோல்டேஜில் சிப் சரியாக ரீசெட் ஆகாமல் மாட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அடிக்கடி இப்படி நடக்கும் தெருவாக இருந்தால் ரீசெட் சூப்பர்வைசர் என்ற மூன்று கால் சிப்பைச் சேர்க்கலாம். மேக்ஸ்803 வாங்குங்கள், கடைசியில் எஸ் என்ற எழுத்து உள்ளது. 3.3 வோல்ட் லைன் 2.93 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது இஎன்-ஐத் தரையோடு பிடித்துவைக்கும். கடையில் மேக்ஸ்809-ஐ நீட்டுவார்கள். அது இஎன்-ஐ மேலேயும் தள்ளும் வகை என்பதால் போர்டின் பட்டனோடும் அப்லோடு சர்க்யூட்டோடும் மோதும். 803 கீழே மட்டும்தான் இழுக்கும்.

லேப்டாப்பில் ஓடுகிறது, சுவரில் ஓடவில்லை

நிறையப் பேர் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். சீரியல் மானிட்டரைத் திறந்த உடனே கம்ப்யூட்டர் போர்டை ஒரு முறை ரீசெட் செய்துவிடும், யூஎஸ்பி சிப்பின் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு லைன் வழியாக. அதாவது, பட்டனை நீங்கள் தட்ட வேண்டிய வேலையை லேப்டாப் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அப்புறம் "என்கிட்ட நல்லாத்தான் ஓடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

உண்மையைப் பார்க்க வேண்டுமானால் போர்டுக்கு வீட்டில் மாட்டப்போகும் அதே அடாப்டரிலிருந்து கரண்ட் கொடுங்கள். தனியாக ஒரு யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூலின் ஆர்எக்ஸ் காலைப் போர்டின் டிஎக்ஸ்0 காலிலும் ஜிஎன்டி-யை ஜிஎன்டி-யிலும் இணையுங்கள். இந்த இரண்டு ஒயர் போதும், வேறெதையும் தொட வேண்டாம். வேகம் 115200. இப்போது மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் போர்டு தானாக எழுகிறதா இல்லையா என்பது திரையில் தெரிந்துவிடும்.

இஎஸ்பி32 குடும்பத்தின் எஸ்3, சி3 வகைப் போர்டுகளில் இதற்கு வேறு வேஷம். அவற்றில் தனி யூஎஸ்பி சிப் இல்லாமல் முக்கியச் சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி இருக்கிறது. சீரியல் போர்ட் தயாராகும் வரை காத்திரு என்று இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் புரோகிராம்களில் ஒரு வரி இருக்கும். சுவரில் கம்ப்யூட்டர் ஏது? அந்த வரியிலேயே ஆயுசுக்கும் நின்றுவிடும். அந்த வரியை நீக்குங்கள், அல்லது 2 செகண்டுக்கு மேல் காத்திருக்காதே என்று மாற்றுங்கள்.

பவர்: பாதி நோய் இங்கே

போர்டு சும்மா இருக்கும்போது அதிகம் சாப்பிடாது. வைஃபை ரேடியோ முழு பலத்தோடு அனுப்பும்போது டேட்டாஷீட் கணக்கில் 240 மில்லியாம்ப் வரை இழுக்கும். சப்ளை குறைந்தது 500 மில்லியாம்ப் கொடுக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரே சொல்வது. ரேடியோ தன்னை அளவு சரிசெய்துகொள்வதும் ஸ்டார்ட்டிங்கில்தான். அதனால் வைஃபையைத் தொடங்கும் வரிக்கு வரும்போது போர்டு படுத்துவிடுவது தற்செயல் அல்ல.

கணக்கைப் பாருங்கள். அடாப்டர் 5 வோல்ட். மெல்லிய இரண்டு மீட்டர் சார்ஜிங் ஒயரில் அரை வோல்ட் வரை போகலாம். போர்டில் உள்ள டையோடில் 0.3. மிச்சம் 4.2. ஏஎம்எஸ்1117-க்குத் தன் பங்காக 1.1 முதல் 1.3 வோல்ட் வேண்டும். கடைசியில் மாட்யூலுக்குக் கிடைப்பது 3 வோல்ட்டைச் சுற்றி, அதற்கு வேண்டிய குறைந்தபட்சமும் 3 தான். இன்னும் ஒரு தள்ளு விழுந்து சிப்பில் 2.43 வோல்ட் பக்கம் வந்தால் "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்டு" (வோல்டேஜ் குறைந்ததைக் காவல் பிடித்துவிட்டது) என்று ஒரு வரி எழுதிவிட்டு ரீசெட் ஆகும். எழுந்து, வைஃபையைத் தொட்டு, மறுபடி விழும்.

அந்தக் காவலையே அணைத்துவிடச் சொல்லி ஒரு வரிக் குறிப்பு யூடியூபில் சுற்றுகிறது. செய்யாதீர்கள். காய்ச்சல் போகவில்லை, தெர்மாமீட்டரை உடைத்ததுதான் மிச்சம். அதோடு வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஃபிளாஷில் (புரோகிராம் இருக்கும் நினைவகம்) எழுதினால் சேமித்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கெட்டுப்போக வழி உண்டு.

சுவர்ப் பெட்டிக்குள் வைப்பதானால் ஹைலிங்க் பிஎம்01 மாட்யூல் சரியாகப் பொருந்தும். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும், 600 மில்லியாம்ப் கொடுக்கும். ஒரு போர்டும் ஒரே ஒரு ரிலேயும் (போர்டு இயக்கும் சுவிட்ச்) என்றால் போதும். நாலு ரிலே மாட்யூல் என்றால் ஒவ்வொரு காயிலும் 70, 80 மில்லியாம்ப் தின்னும், அப்போது 2 ஆம்ப் அடாப்டருக்குப் போய்விடுங்கள். விஐஎன் பக்கம் 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். 3.3 வோல்ட் பக்கம் 10 முதல் 100 மைக்ரோஃபாரட்டும் ஒரு 104-உம் போதும். பெரியதைக் கொண்டுபோய் 3.3 பக்கம் போட்டால் அந்த லைன் ஏறுவது மெதுவாகி, மேலே சொன்ன இஎன் வியாதி திரும்ப வரும்.

ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் 12 வோல்ட்டையே போர்டின் விஐஎன்-இல் கொடுத்துவிடுகிறார்கள். 150 மில்லியாம்ப் ஓடினாலே ரெகுலேட்டரில் 1.3 வாட் சூடு. பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். எம்பி1584 மாதிரி ஒரு பக் கன்வெர்ட்டரில் 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுங்கள்.

டேங்க் நிறைந்திருந்தால் மட்டும் எழாது

இப்படி ஒரு புகார் வந்தால் சிரிக்க வேண்டாம், உண்மைதான். தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஃப்ளோட் சுவிட்சை ஜிபிஐஓ 12-இல் (போர்டின் 12-ஆம் எண் கால்) கொடுத்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அந்தக் காலைப் பார்த்துத்தான் சிப் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று முடிவெடுக்கிறது. டேங்க் நிறைந்து சுவிட்ச் 3.3 வோல்ட்டை அந்தக் காலுக்குக் கொடுத்திருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 போகும், "ஃபிளாஷ் ரீட் எர்ர், 1000" என்று திரும்பத் திரும்ப வரும். ஜிபிஐஓ 0 கீழே இழுக்கப்பட்டிருந்தால் அப்லோடுக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். 0, 2, 5, 12, 15 என்ற ஐந்தையும் சென்சாருக்குக் கொடுக்காமல் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ரிலேக்கு 16 முதல் 19 வரை, 21, 22, 23, 25, 26, 27, 32, 33 எல்லாம் பாதுகாப்பானவை. 5, 14, 15 ஸ்டார்ட்டிங்கில் தாமாகவே துடிக்கும், ரிலே "டக் டக்" என்று அடிக்கும்.

தண்ணீர் மட்டத்தை அனலாக் சென்சாரில் பார்ப்பவர்கள் 32 முதல் 39 வரை உள்ள கால்களையே எடுக்க வேண்டும். மற்ற அனலாக் கால்கள் ஏடிசி2 என்ற பகுதியைச் சேர்ந்தவை, வைஃபை ஆன் ஆனதும் அவற்றிலிருந்து ரீடிங் வராது. சென்சாரைச் சோதிக்கும்போது வைஃபை இல்லாமல் சோதித்திருப்பார்கள், எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

ரவுட்டர் எழும் வரை என்ன செய்வது

போர்டு ஒரு செகண்டில் எழும். ஃபைபர் ரவுட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் ஆகும். இந்த இடைவெளியில் போர்டு தேடும், கிடைக்காது, 201 என்ற காரண எண்ணைக் கொடுக்கும். இணைப்பு வரும் வரை சுற்றிக்கொண்டே இரு என்று புரோகிராமின் செட்டப் பகுதியில் (தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் ஓடுவது) எழுதியிருந்தால் மோட்டார், விளக்கு எல்லாமே அந்த வரியில் காத்து நிற்கும். அதைவிட மோசம், அன்று இன்டர்நெட் லைனே அறுந்திருந்தால் டேங்கில் தண்ணீரே ஏறாது. வைஃபை இல்லாவிட்டாலும் ஃப்ளோட் சுவிட்சைப் பார்த்து மோட்டார் ஓட வேண்டும், அணைய வேண்டும். வைஃபை போனில் பார்ப்பதற்கு மட்டும்.

முதலில் ஸ்டேஷன் மோடு (ரவுட்டரோடு இணையும் நிலை) என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பிறகு இணைப்பைத் தொடங்குங்கள். இணைப்பு அறுந்த நிகழ்வுக்கு ஒரு ஃபங்ஷன் வையுங்கள், அது காரண எண்ணை எழுதிவைக்கட்டும். திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் 10 செகண்டுக்குப் பிறகு ஒரு முயற்சி, அப்புறம் 20, 40, அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒன்று. தானாக மறுபடி இணையும் வசதி வைஃபை லைப்ரரியில் (தயாராகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு) இருக்கிறது, அதை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நிமிடம் ஆகியும் ரவுட்டரே கண்ணில் படவில்லை என்றால் மோட்டார் ஓடாத நேரம் பார்த்து சிப்பை ரீஸ்டார்ட் செய்யலாம். வெளியில் உள்ள ஏதோ ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்பதற்காக ரீஸ்டார்ட் செய்யும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஃபைபர் அறுந்த நாளில் அவை விடிய விடிய ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

வைஃபை மேனேஜர் லைப்ரரி நம்மூர் மாணவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. பாஸ்வேர்டைப் புரோகிராமில் எழுதாமல் போனிலிருந்தே கொடுக்கலாம். அதன் பழக்கம் என்னவென்றால், ரவுட்டர் கிடைக்கவில்லை என்றால் தானே ஒரு நெட்வொர்க்கைத் திறந்து, யாராவது வந்து பாஸ்வேர்டு கொடுக்கட்டும் என்று உட்கார்ந்துவிடும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இதுதான் நடக்கும். ரவுட்டர் மூன்றாவது நிமிடம் வந்தாலும் போர்டு திரும்பிப் பார்க்காது. போர்ட்டல் நேரத்துக்கு 180 செகண்ட் என்று எல்லை போட்டு, முடிந்ததும் பழைய பெயரையே மறுபடி முயற்சி செய்ய வைக்க வேண்டும். இஎஸ்பிஹோம் என்ற தயார் மென்பொருளைப் போடுபவர்களுக்கு வேறு ஒன்று: வைஃபைக்கும், ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் ஏபிஐ-க்கும் தனித்தனியாக 15 நிமிட ரீபூட் நேரம் இயல்பாகவே இருக்கும். வீட்டுக் கருவிகளை நிர்வகிக்கும் அந்த ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை போர்டு ரீபூட் ஆகும். ஏபிஐ-யின் நேரத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

சீக்கிரம் இணைவதற்காக ரவுட்டரின் சேனல் எண்ணைச் சேமித்துவைக்கும் உத்தியும் உண்டு. ரவுட்டரின் சேனல் ஆட்டோவில் இருந்தால், கரண்ட் வந்த பிறகு அது வேறு சேனலுக்குப் போயிருக்கலாம். போர்டு பழைய சேனலிலேயே தேடி 201 சொல்லும். ரவுட்டரில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிரந்தரமாக வைப்பது மேல்.

காரண எண்களில் நாலைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. 201 என்றால் அந்தப் பெயரே காற்றில் இல்லை: ரவுட்டர் எழவில்லை, பெயர் தப்பு, அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுகிறது. இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 15 அல்லது 204 என்றால் முதலில் பாஸ்வேர்டைச் சந்தேகப்படுங்கள், சிக்னல் மிகவும் மெலிந்திருந்தாலும் இதே எண் வரும். 200 என்றால் இணைந்திருந்த ரவுட்டரின் குரல் நின்றுபோயிற்று.

பெயரில் ஒரு வேடிக்கை. வைஃபை பெயருக்கு எல்லை 32 பைட். தமிழில் வைத்தால் எழுத்துக்கும் அதன் மேல் ஏறும் குறிக்கும் தனித்தனியாக 3 பைட். "செட்டியார் வீடு" என்று வைக்கப் பார்த்தால் நடுவில் உள்ள இடைவெளியோடு 43 பைட், கொள்ளாது. சுருக்கமான தமிழ்ப் பெயர் தாராளமாக ஓடும், புரோகிராம் கோப்பும் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும்.

மோட்டாரே போர்டை விழ வைக்கும்

கரண்ட் வந்ததும் டேங்க் காலி என்று பார்த்து உடனே மோட்டாரைப் போடும் புரோகிராம் ஒரு சுழலில் மாட்டும். மோட்டார் கிளம்பும் இழுப்பில் லைன் வோல்டேஜ் சரியும், போர்டு பிரவுன்அவுட் ஆகும், ரிலே விடும், போர்டு எழும், டேங்க் காலி, மறுபடி மோட்டார். காண்டாக்டர் (மோட்டாரைப் போடும் பெரிய ரிலே) அடித்துக்கொண்டே இருந்தால் மோட்டாருக்கும் கேடு. ஸ்டார்ட் ஆனதும் இரண்டு நிமிடம் மோட்டாரைத் தொடாதே என்று எழுதுங்கள். சிப் ஏன் ரீசெட் ஆனது என்று கேட்டுப் பார்க்க ஃபங்ஷன் இருக்கிறது, 9 என்று வந்தால் பிரவுன்அவுட். அப்படி வந்தால் காத்திருப்பைப் பத்து நிமிடமாக்குங்கள்.

காண்டாக்டர் காயில் விடுபடும்போது எழும் ஸ்பைக்கும் போர்டைக் குழப்பும். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடராகப் போட்டால் அடங்கும். 230 வோல்ட் வேலை என்பதால் மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள்.

நம்ம வீட்டுச் சுவரும் ஆன்டெனாவும்

முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் இவை. ரவுட்டர் முகப்பில், மோட்டார் தோட்டத்தில். நடுவில் எத்தனை கட்டோ அத்தனை தடித்த சுவர். மாட்யூலில் அச்சிட்ட ஆன்டெனாவை நம்பி இந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. ஆனால் இந்த வீடுகளிலேயே ஒரு வழியும் இருக்கிறது. முகப்பு வாசல், வளவு, ரெண்டாங்கட்டு, பின்வாசல் எல்லாம் நேர்கோட்டில் இருக்கும். ரவுட்டரை முகப்புத் திண்ணையின் மூலையிலிருந்து நகர்த்தி அந்த நேர்வாசல் கோட்டுக்குக் கொண்டுவந்தால் சிக்னல் சுவரைத் துளைக்காமல் வாசல் வழியே போகும். கதவு சாத்தியிருந்தாலும் தேக்கு மரம் செங்கல் சுவரளவு தடுக்காது. வளவின் திறந்த வெளி இன்னும் நல்லது. ரவுட்டரைப் பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் அழகுக்காக ஒளித்துவைக்காதீர்கள், அதன் பின்பூச்சு உலோகம், சிக்னல் திரும்பிவிடும்.

மாட்டும் இடத்தில் சிக்னல் அளவை (டிபிஎம் என்ற அலகில்) பார்த்துவிட்டு மாட்டுங்கள். மைனஸ் 67 வரை நிம்மதி. மைனஸ் 75 என்றால் மழை நாளில் சந்தேகம். மைனஸ் 80-க்குக் கீழே என்றால் ஸ்டார்ட்டிங்கில் பிடிக்கும், பிடிக்காது என்ற விளையாட்டுத்தான். அந்த இடத்துக்கு வ்ரூம்-32யூ மாட்யூல் போட்ட போர்டை வாங்கி வெளி ஆன்டெனா செருகுங்கள். இதில் அச்சிட்ட ஆன்டெனா கிடையாது, வெளி ஆன்டெனா இல்லாமல் ஓட்டினால் பக்கத்து அறை கூட எட்டாது. சாதாரண மாட்யூலாக இருந்தால் ஆன்டெனா முனையைச் சுற்றி 15 மில்லிமீட்டருக்கு ஒயர், திருகு, ரிலே எதுவும் வரக் கூடாது. இரும்புப் பேனல் பெட்டிக்குள் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று எக்ஸ்டெண்டர் வைத்த வீடுகளில் இன்னொன்று நடக்கும். போர்டு இயல்பில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்ளும், அது முகப்பு ரவுட்டராகவும் இருக்கலாம், பக்கத்தில் எக்ஸ்டெண்டர் இருந்தாலும். எல்லாச் சேனலையும் தேடி, சிக்னல் பலத்தில் வரிசைப்படுத்து என்று இணைப்பைத் தொடங்கும் முன் இரண்டு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இணைய இரண்டு மூன்று செகண்ட் கூடுதலாகும், பரவாயில்லை.

ரவுட்டர் செட்டிங்கில் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். 2, 3 கலந்த மோடு புதிய லைப்ரரியில் ஓடும், பழையதில் தகராறு செய்யும். முதல் தலைமுறை டபிள்யூபிஏ மட்டும் தெரிந்த பழைய ரவுட்டரைப் புதிய லைப்ரரி இயல்பில் ஏற்காது.

இணைந்த பிறகும் ஆப்பில் "ஆஃப்லைன்" காட்டுகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். போர்டுக்கு பேட்டரி கிடையாது, ஒவ்வொரு முறை எழும்போதும் அதற்கு 1970 ஜனவரி 1 தான். சான்றிதழ் சரிபார்க்கும் சர்வர் இணைப்பு அந்தத் தேதியில் செல்லாது. இணையத்தில் நேரம் தரும் என்டிபி-யில் நேரம் வாங்கி, நம் நேரத்துக்கு 19800 செகண்ட் கூட்டி, ஆண்டு சரியாக வந்த பிறகே சர்வரைத் தொட வேண்டும்.

வேறு போர்டு எடுக்கலாமா

சி3 சூப்பர் மினி கட்டைவிரல் அளவு, விலையும் குறைவு. சுவிட்ச் பெட்டிக்குள் அழகாக உட்காரும். ஆனால் ஆன்டெனாவை ஒட்டியே மற்றவற்றை நெருக்கி வைத்த டிசைன், பல துண்டுகளில் முழு பலத்தில் இணையவே இணையாது. அனுப்பும் பலத்தை 8.5 டிபிஎம் ஆகக் குறைத்தால் ஆச்சரியமாக உடனே பிடிக்கும். ரவுட்டர் இருக்கும் அறைக்கு மட்டும் வாங்குங்கள்.

ராஸ்பெரி பை பிக்கோ டபிள்யூ 2022-ல் வந்தது, பவர் சர்க்யூட் இதைவிட ஒழுங்கு. மைக்ரோபைத்தானில் எழுதுபவர்களுக்கு ஏற்றது. நாட்டுக் குறியீட்டை ஐஎன் என்று முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், பவர் சேவிங்கை அணைக்க வேண்டும், புரோகிராமை மெயின்.பை என்ற பெயரில் சேமித்தால்தான் கரண்ட் வந்ததும் தானாக ஓடும். ஸ்டேட்டஸ் 3 என்றால் இணைந்தது, மைனஸ் 2 என்றால் ரவுட்டர் இல்லை, மைனஸ் 3 என்றால் பாஸ்வேர்டு தப்பு. போர்டில் உள்ள எல்இடி வைஃபை சிப்போடு இணைந்தது, அதனால் வைஃபை சிப் எழாவிட்டால் லைட்டும் எரியாது; போர்டே செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். ரீசெட் பட்டன் கிடையாது, ரன் என்ற காலுக்கும் ஜிஎன்டி-க்கும் நடுவில் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் இருக்கும் பின்கட்டுக்கு 32யூ போர்டு, 105 கெபாசிட்டர், 2 ஆம்ப் அடாப்டர், தடித்த குட்டை ஒயர். முகப்புக்கும் வளவுக்கும் சாதாரண 30 பின். கையில் இன்னும் பணம் இருந்தால் இரண்டாவது போர்டு வாங்குவதை விட ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். அதை வாங்கும் முன் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், 12 வோல்ட் 2 ஆம்ப் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்ப் யூபிஎஸ் மாட்டினால் அதுவும் ஸ்டார்ட்டிங்கில் தடுமாறும்.